முழுத் தொகுப்பா, தனித்தனி நூலா?

வீட்டு நூலகத்துக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவரைப் பரிந்துரைத்தால், அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: முழுத் தொகுப்பை வாங்கலாமா, தனித்தனி நூல்களையா?

தொகுப்பில் கதைகள் பெரும்பாலும் கால வரிசையில் கிடைக்கும். எழுத்தாளர் தடுமாறிய இடங்களும் தெரியும். ஆனால் ஆயிரம் பக்கத்தைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, கை கடுக்கும். பசை மட்டும் போட்டு ஒட்டிய தடித்த நூல் என்றால், அடிக்கடி விரித்த இடத்தில் முதுகு பிளந்து தாள்கள் கொத்தாகக் கழன்று வரும். வாங்குமுன் முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது நூலால் தைத்தது.

தனி நூல் பைக்குள் அடங்கும், இரவலும் கொடுக்கலாம். திரும்பி வராவிட்டால் (வராது) இழப்பு ஒன்றோடு போகும். மலிவுத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுவது இரண்டுக்கும் பொது.

நான் தனி நூலைத்தான் சொல்வேன். மூன்று நூல்களைப் படித்த பிறகும் பசி அடங்காதவர்களுக்கு மட்டும் தொகுப்பு, அதுவும் தைத்ததாக இருந்தால்.