கெயினை மாற்ற ஆஸ்கி கட்டளையா, மோட்பஸ் ஆர்டியூவா?

பிஐடி கன்ட்ரோலர் என்பது வெப்பநிலை போன்ற அளவைக் குறித்த இடத்தில் நிறுத்தும் கருவி; விலகலுக்கு அது எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டும் என்பதே கெயின். அந்த எண்ணைக் கணினியிலிருந்து மாற்ற இரண்டு வழிகள்: எழுத்துகளாகப் போகும் ஆஸ்கி கட்டளை, அல்லது பைனரியாகப் பேசும் மோட்பஸ் ஆர்டியூ நெறிமுறை. மேசையில் ஒரே ஒரு கன்ட்ரோலரை வைத்து ட்யூன் செய்ய ஆஸ்கிதான் சுகம். டெர்மினலில் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினால் பதில் அங்கேயே தெரியும். பதில் வரவில்லையா? பாட் ரேட்டைச் (தொடர்பு வேகம்) சரிபார்த்த கையோடு வரி முடிவையும் பாருங்கள். வரி முடிவாக சிஆர் (கேரேஜ் ரிட்டர்ன்) குறி மட்டும் எதிர்பார்க்கும் கருவிக்கு எல்எஃப் (லைன் ஃபீட்) குறியும் சேர்ந்து போனால், அடுத்த கட்டளையின் முதல் எழுத்தாக அது ஒட்டிக்கொண்டு பிழை வரலாம்.

ஆனால் செக்சம் (பிழை கண்டுபிடிக்கச் செய்தியோடு போகும் சரிபார்ப்பு எண்) இல்லாத ஆஸ்கியை மோட்டாரும் இன்வெர்ட்டரும் ஓடும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘1’, ‘9’ இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். இரைச்சலில் 1.50 போய் 9.50 ஆகிவிட்டால் கருவி அதையும் ஏற்றுக்கொள்ளும். பாரிட்டி (எழுத்துக்கு ஒரு சரிபார்ப்பு பிட்) வைத்தால் ஒற்றை பிட் பிழை பிடிபடும். இரண்டு பிட் மாறினால் தப்பிவிடும்.

மோட்பஸ் ஆர்டியூவில் 16 பிட் சிஆர்சி (முழுச் செய்திக்கும் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) காவல் இருக்கிறது. சிதைந்த செய்திக்குக் கன்ட்ரோலர் பதிலே தராது. இங்கே தொல்லை எண்களில்தான். கையேட்டில் ரெஜிஸ்டர் (கருவி ஒரு மதிப்பை வைக்கும் இடம்) எண் 40011 என்றிருந்தால், 40001-ஐ முகவரி 0 என்று எண்ணுவதால், லைனில் போகவேண்டிய முகவரி 10. ஒன்று தவறினால் கெயினுக்குப் பதில் பக்கத்து ரெஜிஸ்டர் மாறும். மிதவைப் புள்ளி (தசம) எண் என்றால் 2.0 என்பது 4000, 0000 என இரு ரெஜிஸ்டர்களில் உட்காரும் (பதினறும எண்கள்). வரிசை மாறினால் கெயின் ஏறக்குறைய பூஜ்யம், அவுட்புட் அசையாது. இரண்டையும் ஃபங்ஷன் 16-ல் (பல ரெஜிஸ்டர்களை எழுதும் மோட்பஸ் கட்டளை) ஒரே செய்தியாக எழுதுங்கள். ஒரு ரெஜிஸ்டரை மட்டும் எழுதும் ஃபங்ஷன் 06-ல் தனித்தனியாக எழுதினால் இடையில் அரைகுறை மதிப்பு ஓடும்.

ஆலையில் நிரந்தரமாக ஓட மோட்பஸைத்தான் பரிந்துரைப்போம்.

எந்த வழியானாலும் பெரிய விபத்து அலகில் நடக்கிறது. பல கருவிகள் கேட்பது கெயின் அல்ல, ப்ரபோர்ஷனல் பேண்ட் (அவுட்புட் 0 முதல் 100% வரை மாற எடுக்கும் விலகலின் அகலம், சதவீதத்தில்); கெயின் = 100 ÷ பேண்ட். கெயின் 4 வேண்டுமென்றால் பேண்ட் 25.0%, ஒரு தசம இட ரெஜிஸ்டரில் 250 எழுதவேண்டும். அங்கே வெறும் 4 எழுதினால் பேண்ட் 0.4%, கெயின் 250! ஹீட்டர் முழுதாக எரிவதும் அணைவதுமாக ஆடும். அதனால் முதலில் பழைய மதிப்பைப் படித்துக் குறித்துவைத்து, மேனுவலுக்கு மாற்றி, எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தபின்தான் ஆட்டோ.

நிரல் மூலம் கெயினை ஓயாமல் மாற்றுபவர்கள் ரேமில் (தற்காலிக நினைவகம்) மட்டும் எழுதும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 1,00,000 முறை எழுதுவதைத் தாங்கும் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் மதிப்பை வைத்திருக்கும் நினைவகம்) நொடிக்கொருமுறை எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்த ஆயுள் தீர்ந்துவிடும்.