சைக்கிளோட்டத்துக்கு உகந்த முக்கால் காற்சட்டை

புறக்கோட்டையில் நான் வாங்கிய, நைலோனும் எலாஸ்டேன் எனும் இழுபடும் இழையும் கலந்த முக்கால் காற்சட்டை, வெள்ளவத்தையிலிருந்து காலி முகத்திடல் வரை நிதானமாகச் சைக்கிளோட்டுவோருக்கு மிகவும் ஏற்றது. இதன் சிறப்பு தையலில்தான் உள்ளது: சாதாரண டெனிமில் நான்கு தையல்களும் கவட்டில் ஒரே இடத்தில் கூடி, இருக்கையில் அமர்ந்ததும் தடித்து அழுத்தும், இதிலோ அவ்விடத்தில் சாய்சதுரத் துண்டொன்று வைத்துத் தட்டையாகத் தைத்திருப்பதால், மிதிக்கும்போது தொடை உரசிப் புண்ணாவதில்லை. கொழும்பின் புழுக்கத்தில் பருத்தித்துணி வியர்வையை உறிஞ்சி நெடுநேரம் ஈரமாகவே இருக்க, இது விரைவில் உலர்ந்துவிடுகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிவதால் வலப்பக்கச் சங்கிலியில் சிக்குவதுமில்லை. பைகள் ஆழமற்றவை, கைபேசிக்காகவாவது ஒரு ஸிப் வைத்திருக்க வேண்டும். உள்ளே பஞ்சுத்திண்டு கிடையாது. குறுந்தூரப் பயணத்துக்கு அது தேவையுமில்லை. வாங்குமுன் கடையிலேயே அணிந்து, முழங்காலை நன்றாக மடக்கிக் குந்திப் பார்ப்பது அவசியம்.