லோகோவுக்குப் பட்டி பார்ப்பதா, புதிதாகவே வரைவதா?

பழைய லோகோவைச் செதுக்கிச் சீராக்குவது ஒரு வழி. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரைவது இன்னொரு வழி. எங்கள் நொறுக்குத்தீனி பிராண்டுக்குப் போன வருடம் இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்து, முதலாவதை எடுத்தோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

புதிய லோகோ அழகாகத்தான் இருந்தது. போன் திரையில் பளிச்சென்று நின்றது. வாங்குபவர் அடையாளம் தெரியாமல் குழம்பிவிடுவார் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. 2009-இல் டிராப்பிகானா ஜூஸ் அட்டையை அடியோடு மாற்றி, விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, சில வாரங்களிலேயே பழையதற்குத் திரும்பிய கதையைச் சொல்லாத டிசைனர் இல்லை. அதை விடுவோம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது சிலிண்டர், அதாவது அச்சு உருளை. பாக்கெட் ஃபிலிமை கிராவூர் முறையில் அச்சடிக்கிறோம். நிறத்துக்கு ஒரு சிலிண்டர். படம் அதன் மேல் நுண்குழிகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். எங்களுக்கு 6 சுவைகள், ஒவ்வொன்றுக்கும் 7 நிறங்கள், ஆக 42 சிலிண்டர்கள். லோகோவின் வடிவமே மாறினால் சுற்றியுள்ள பின்னணியும் மாறும், 42-ஐயும் புதிதாகச் செய்ய வேண்டும். வெளி வடிவத்தை அப்படியே விட்டு உள்ளே மட்டும் திருத்தினால் சுவைக்கு 2 வீதம் 12 போதும். (லோகோ சிலிண்டரை எல்லாச் சுவைகளுக்கும் பொதுவாக வைப்பவர்களும் உண்டு. எங்கள் டிசைனில் அது அமையவில்லை.)

சரி, ஒருமுறை செலவுதானே என்று ஒரு சுவைக்கு மட்டும் புதிய லோகோவைச் செதுக்கி ஓட்டிப் பார்த்தோம். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இறங்கும் கிரேடியன்ட், எழுத்தைச் சுற்றி மயிரிழைக் கோடு. ஃபிலிம் ஓடும் வேகத்தில் ஒரு நிறம் அரை மில்லிமீட்டர் விலகியது, எழுத்தின் இடது ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தது. சிறிய எழுத்துகளின் உள்சுழி மையால் அடைந்துபோனது. ஒருமுறை சரிசெய்தால் தீர்கிற குறையல்ல இது; ஒவ்வொரு ரோலிலும் ஆபரேட்டர் இதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அப்புறம் பழையதையே எடுத்தோம். எழுத்தைத் தடிப்பாக்கினோம், அதிலிருந்த கிரேடியன்டை ஒற்றை நிறமாக்கினோம், அடர்நிற வெளிக்கோடு உள்நிறத்தின் மேல் சற்று ஏறி நிற்கும்படி வைத்தோம். இப்போது நிறம் கொஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரிங்கிள்ஸ் சிப்ஸ்கூட 2021-இல் அமெரிக்காவில் தன் மீசைக்காரரின் தலைமுடியைத்தான் எடுத்தது. மீசையையும் போ டையையும் எளிமையாக்கியதே தவிர, எடுக்கவில்லை.

அடியோடு மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் வரும். உற்பத்தியில் ஒரு பகுதி ஸ்விட்சர்லாந்துக்கு வெளியே போனதால், அந்நாட்டுச் சட்டப்படி டோப்லரோன் சாக்லேட் 2023-இல் தன் அட்டையிலிருந்து மேட்டர்ஹார்ன் மலைப் படத்தை நீக்க வேண்டியதாயிற்று. டிஜிட்டல் அச்சில் சிறிய அளவில் போடுபவர்களுக்கும் சிலிண்டரே கிடையாது. அங்கே என் கணக்கு செல்லாது. நான் அதில் அதிகம் வேலை பார்த்ததில்லை.

லோகோவைத் திருத்திய பிறகு எங்கள் விற்பனை லேசாகக் கூடியது. அதே சமயத்தில் விளம்பரத்தையும் கூட்டியிருந்தோம் என்பதால், லோகோதான் காரணம் என்று சொல்ல மனம் வரவில்லை. மிச்சமிருந்த பழைய ரோல்களை வீசவில்லை. மூன்று மாதம் பழைய பாக்கெட்டும் புதியதும் ஒரே அலமாரியில் இருந்தன. ஒரு கடைக்காரர் மட்டும் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரிண்ட் நல்லா வருதே, பிரஸ்ஸை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.