யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா: மூன்று நாள் பயண மதிப்புரை

1872 மார்ச் 1 அன்று அமெரிக்க அரசு தனிச்சட்டம் இயற்றி ஒதுக்கிய யெல்லோஸ்டோன், உலகின் முதல் தேசியப் பூங்காவாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் பரந்த இந்நிலம் தனியார் எவர் கைக்கும் போகாமல் இன்றுவரை பொதுச்சொத்தாகவே இருப்பதன் அருமையை, அங்கே கழித்த மூன்று நாள்களில் அடிக்கடி உணர்ந்தேன்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீரூற்று அடுத்து எப்போது பீறிடும் என்பதை, ஏறக்குறைய பத்து நிமிடம் முன்பின்னாகக் கணித்துப் பார்வையாளர் மையத்தில் அறிவித்துவிடுகிறார்கள். எனவே வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு வடிவில் வளைந்து செல்லும் உட்சாலையே சுமார் 229 கிலோமீட்டர் என்பதால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். கோடையில் முற்பகலுக்குள் வாகன நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடுகின்றன. விடியற்காலையிலேயே கிளம்புவது நல்லது. அப்படிக் கிளம்பிய ஒரு காலையில், குளிர்கால ரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்துகொண்டிருந்த காட்டெருமை ஒன்று, எங்கள் காருக்கு வெகு அருகே மூச்சிரைக்க நடந்து சென்றது. காட்டெருமையிடமிருந்து 23 மீட்டரும், கரடி, ஓநாய்களிடமிருந்து 91 மீட்டரும் விலகி நிற்க வேண்டுமென்ற விதி எதற்கென்று, அந்தத் திமிலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது மார்னிங் குளோரி குட்டை. ஒருகாலத்தில் தெளிந்த நீலமாக இருந்த இதில் பார்வையாளர்கள் பல ஆண்டுகளாக நாணயங்களையும் குப்பைகளையும் எறிந்ததால், வெந்நீர் வரும் துளைகள் அடைபட்டு, வெப்பம் தணிந்து, ஓரங்களில் வாழ்ந்த மஞ்சள் நிற நுண்ணுயிர்கள் நடுப்பகுதியை நோக்கிப் பரவிவிட்டன. பூவின் பெயர் தாங்கிய குட்டையில் அந்த நீலத்தைத் தேடி நின்றபோது மனம் கனத்தது. இதே பூங்காவின் வெந்நீரூற்று ஒன்றில் 1966இல் சேகரித்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்த நொதிதான், பின்னாளில், டி.என்.ஏ.வைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையை எளிதாக்கியது. அந்த ஊற்றை யாராவது வாங்கிக் குளியல் விடுதியாக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மரப்பலகைப் பாதையில் நடந்தபோது காற்றில் ஒரு சிறுவனின் தொப்பி பறந்து, ஆவி பறக்கும் ஊற்றின் ஓரத்தில் விழுந்தது. மெல்லிய மேலோட்டின் கீழே கொதிநீர் இருக்குமாதலால், இறங்கப் போன தந்தையைத் தடுத்த ரேஞ்சர், இடத்தைக் குறித்துக்கொண்டு போய், நீண்ட கழியுடன் திரும்பி வந்து, பலகையில் நின்றபடியே அதை மெல்ல இழுத்தெடுத்துச் சிறுவனிடம் கொடுத்தார்.