ஜூலையில் பனிச்சறுக்கு: செர்மாட் போய் வந்தேன்

கீழே சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு நடக்கிறார்கள், மேலே மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் என்ற மலையுச்சி நிலையத்தில் விரல் விறைக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரமான கேபிள் கார் நிலையம், அதன் காட்சி மேடை 3,883 மீட்டர் உயரத்தில். கடைசிக் கட்டம் 2018இல் திறந்த கேபிள் கார், ஒன்பது நிமிடம்தான். சில பெட்டிகளில் நடுவழியில் தரைக்கண்ணாடி தெளிந்துவிடும். காலடியில் பனியாற்றின் வெடிப்புகள் தெரிந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

சறுக்கத்தான் போகிறீர்கள் என்றால் விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். சறுக்கும் இடமான தியோடுல் பனியாறு இரவில் இறுகிக் காலையில் சரசரவென்று வழிவிடும். வெயில் ஏற ஏற, சர்பத்துக்குச் சீவிய ஐஸ் மாதிரி கொழகொழத்து சறுக்குப்பலகையைப் பிடித்து இழுக்கும், அதனால் கோடையில் மதியத்தோடு ஆட்டம் முடிந்தது. 365 நாளும் சறுக்கலாம் என்பார்கள், ஆனால் 2022 கோடையின் வெப்பத்தில் கொஞ்ச நாள் நிறுத்தவே வேண்டியிருந்தது.

சறுக்கத் தெரியாதவர்களும் தயங்காமல் போகலாம். 15 மீட்டர் ஆழத்தில் பனிக்குகை இருக்கிறது, அதன் சுவரில் சிக்கிய காற்றுக்குமிழிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம், மேலே இறங்கியதும் ஓடாதீர்கள், மூச்சு வாங்கும், தலை வலிக்கும். நிறைய தண்ணீர் குடியுங்கள்.

டிக்கெட் விலை அதிகம்தான். ஆனால் 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டன. பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.