அல்சருக்கு அதிமதுரம்: பொடியா, மாத்திரையா?

அல்சருக்கென்று விற்கும் அதிமதுரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேரை அப்படியே அரைத்த பொடி. மற்றது வேருக்கு இனிப்பு தரும் கிளிசிரைசின் என்ற பொருளை நீக்கிய சாற்றில் செய்த, மென்று தின்னும் மாத்திரை; உறையில் 'டிஜிஎல்' என்றிருக்கும். எங்கள் பரிந்துரை மாத்திரைக்குத்தான், அதுவும் மருத்துவரின் சிகிச்சைக்குத் துணையாக மட்டும்.

பொடியில் சிக்கலே அளவுதான். 'ஒரு தேக்கரண்டி, இருவேளை' என்று உறையில் போட்டுவிடுகிறார்கள். குவித்து அள்ளினால் அது 5 கிராம்கூடப் போகும். நல்ல வேரில் கிளிசிரைசின் 4 சதவீதத்துக்குக் குறையாது. அப்படியானால் ஒரு வேளைக்கே 200 மில்லிகிராம். நாள் முழுவதற்கும் 100-ஐத் தாண்டாமலிருப்பது நல்லது. தாண்டினால், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதி முடங்கும். உப்பும் நீரும் உடலில் தேங்கும், பொட்டாசியம் இறங்கும். கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும், தசை தளரும். அதிமதுரச் சாற்றில் வயிற்றுப்புண் ஆறியதை 1946-இல் எழுதிய டச்சு மருத்துவர் ரெவர்ஸ், இந்த வீக்கத்தையும் அப்போதே கண்டிருந்தார். கிளிசிரைசினை நீக்கும் யோசனையே இதனால் வந்ததுதான்.

பொடிதான் வேண்டுமென்றால் தராசில் 1.5 கிராம் நிறுத்து, 150 மில்லி கொதிநீர் ஊற்றி, 10 நிமிடம் மூடிவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். திப்பியோடு விழுங்கினால் வேரிலுள்ள அத்தனையும் உள்ளே போய்விடும். நாளுக்கு இருமுறை போதும். நான்கு வாரத்தோடு நிறுத்துங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நீர் பிரியும் மாத்திரை, டிஜாக்சின் என்ற இதய மருந்து, ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தொடவே கூடாது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு நன்றாக மெல்ல வேண்டும். மிச்சமுள்ள கிளிசிரைசின் எத்தனை மில்லிகிராம் என்று உறையில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பலனைப் பற்றி மிகைப்படுத்த மாட்டோம்: மனிதர்களிடம் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் தெரியவில்லை.

'குடித்தேன், வலி போச்சு' என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அல்சர் தானாக ஆறும், மறுபடியும் வரும். பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, இல்லாவிட்டால் வலி மாத்திரைகள். கிருமியை ஒழிக்க ஆன்டிபயாடிக் கூட்டு மருந்துதான் வேண்டும். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் போகுமுன், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் என்ற வயிற்று மருந்து இரண்டையும் 4 வாரமும் மருத்துவரிடம் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென்று வரும். மலம் தார்போல் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ பொடி, மாத்திரை எதையும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.