வன்னித் தொழில்களை ஆராய எந்தத் தரவு கைகொடுக்கும்?

இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சிறுதொழில் பற்றி ஆய்வு செய்ய வெளிக்கிடுகிறவருக்கு அரசாங்கத் தரவென்று கிடைப்பவை முக்கியமாக மூன்று: தொழில் நடக்கும் இடங்களை எண்ணிய 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பு, காலாண்டு தோறும் எடுக்கப்படும் தொழிற்படை அளவீடு, வருடாந்தக் கைத்தொழில் அளவீடு. மூன்றும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தினுடையவை. ஏ9 வீதியோரத் தொழில்கள் பற்றிய என் முதுமாணி ஆய்வுக்கு நான் எடுத்தது பொருளாதாரத் தொகைமதிப்பை. பழைய தரவு என்று பல பேர் முகம் சுளித்தார்கள். இன்று கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

கைத்தொழில் அளவீட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். உள்ளீடு, வெளியீடு, கூலி, சேர்பெறுமதி எல்லாம் அதில்தான் ஒழுங்காக இருக்கின்றன. உற்பத்தித்திறன் கணிக்க வேறு வழியில்லை. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் அதற்குள் வராது. தகப்பனும் மகனுமாக நடத்தும் ஒட்டுக்கடையும், ஒரு மெசினோடு ஓடும் நெல் குத்தும் மில்லும் அங்கே இல்லை. கடைகளும் இல்லை, அது கைத்தொழிலுக்கு மட்டுமானது. இதன் நுண்தரவை, அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பதிந்த தரவை, நான் கையாண்டதில்லை, அச்சான அட்டவணைகளை வைத்தே சொல்கிறேன். ஆடைத் தொழிற்சாலைகளை ஆராய்கிறவருக்கு என் பேச்சு பொருந்தாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

தொழிற்படை அளவீட்டின் பலம் புதுமை. ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. 2020 கொரோனாவும் 2022 நெருக்கடியும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஆளைக் கேட்கும் அளவீடு என்பதால், சம்பளமில்லாமல் குடும்பக் கடையில் நிற்கும் மனைவியும் கணக்கில் வருவார். முறைசாராத் தொழிலையும் பிரித்துக் காட்டும். ஆனால் 1990இலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது வன்னிக்குச் செல்லாது. போர்க் காலத்தில் நாங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே. எல்லா மாவட்டங்களும் ஒழுங்காகச் சேர்ந்தது 2011இலிருந்து. வீட்டு வருமான செலவின அளவீடும் அப்படித்தான்: 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் இல்லை, 2012/13இல்தான் வந்தன.

சரி, 2011க்குப் பிறகு எடுத்தால் போதாதா? இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது. தொழிற்படை அளவீடு எல்லாரையும் எண்ணுவதில்லை, மாதிரியாகச் சில வீடுகளை மட்டும் எடுப்பது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 வீடுகள். 2012 குடிசன மதிப்பின்படி முல்லைத்தீவின் சனத்தொகையே 92,000 சொச்சம்தான், அதற்கு விழும் பங்கு எவ்வளவு இருக்கும்? ஒரு பேச்சுக்கு 500 வீடுகள் என்று வைப்போம். வேலையில் இருப்பவர் 700 பேர், அதில் விவசாயம், மீன்பிடி, அரச வேலை, கூலி வேலை போக, சொந்தத் தொழில் நடத்துகிறவர் 70 பேர். அந்த எழுபதில் கராஜ் வைத்திருப்பவர் இரண்டு பேர் அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். அடுத்த ஆண்டு மூன்று பேர் வந்தால், கராஜ் தொழில் ஒன்றரை மடங்காகிவிட்டது என்று எழுதிவிட முடியுமா? இதைப் பெண் உரிமையாளர், தொடங்கிய ஆண்டு என்று இன்னும் பிரித்தால் அட்டவணையின் கட்டங்கள் வெறுமையாகும். சிறிய மாவட்டங்களின் மதிப்பீடுகளைக் கவனமாகப் பயன்படுத்தும்படி திணைக்களமே அறிக்கைகளில் குறிப்புப் போடுகிறது. அந்தக் குறிப்பை வாசிக்காமல் வன்னி வேலையின்மை பற்றி முழங்கும் கட்டுரைகள் நிறைய.

மாவட்டச் சராசரி என்பதே வன்னியில் பெரிதாக உதவாது என்பது இன்னொன்று. வவுனியா நகரமும் நெடுங்கேணியும் ஒரே மாவட்டம். புதுக்குடியிருப்பும் துணுக்காயும் ஒரே மாவட்டம். எனக்கு வேண்டியிருந்தது கிளிநொச்சி மாவட்டத்துக்குள்ளேயே கரைச்சியையும் பச்சிலைப்பள்ளியையும் வேறு வேறாகப் பார்ப்பது. மாதிரி அளவீட்டால் அது ஆகாது. தொகைமதிப்பு ஒவ்வொரு இடத்தையும் பட்டியல் போட்டது. மாவட்டத்துக்குக் கீழுள்ள பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் பிரித்தாலும் எண் எண்ணாகவே நிற்கும். நாடு முழுவதும் விவசாயம் சாராத பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொழில் இடங்கள், ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர். அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் நுண் தொழில்கள், அதாவது கைத்தொழில் அளவீட்டின் கண்ணில் படாதவை. ஒரு எச்சரிக்கை: நுண் தொழிலின் எல்லை துறைக்குத் துறை மாறும். கைத்தொழிலிலும் சேவையிலும் நான்கு பேர் வரை, வியாபாரத்தில் மூன்று பேர் வரை. நான்கு பேர் நிற்கும் பலசரக்குக் கடை சிறு தொழிலாகிவிடும். மொத்தமாகக் கூட்டி ஒப்பிடுகிறவர்கள் இதில் வழுக்குவார்கள்.

பழசு என்ற குற்றச்சாட்டு நியாயமானதுதான். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ரயில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013 செப்டெம்பரில். சனம் கூரை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த கணக்கு அது. இந்திய வீட்டுத்திட்டம் மும்முரமாக நடந்த காலம் என்பதால், சீமெந்துக் கல் அரியும் இடங்களின் எண்ணிக்கையில் அந்தச் சூடும் சேர்ந்திருக்கும் என்றே எடுக்கவேண்டும். ஆகவே இன்றைய நிலை என்று அதை எழுதக்கூடாது. தொடக்கப் புள்ளியாக வைத்து, அதன்படி இடங்களைத் தெரிவு செய்து, நேரில் போய் எது இருக்கிறது, எது பூட்டிவிட்டது என்று பார்க்கலாம். நான் செய்தது அதுதான். பழைய தரவு என்ற குறை அங்கே ஆய்வுக் கேள்வியாகவே மாறியது.

உங்கள் கேள்வி பெண்களின் வேலை பற்றியதென்றால், அல்லது 2022க்குப் பிறகான மாற்றம் பற்றியதென்றால், நான் சொன்னதை விட்டுவிட்டுத் தொழிற்படை அளவீட்டுக்குப் போங்கள். ஆனால் ஒரு மாவட்டத்தைத் தனியாக எடுக்காமல் வட மாகாணம் முழுவதையும், முடிந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்தும் பாருங்கள். நுண்தரவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகத்திலுள்ள) புள்ளிவிபரக் கிளைக்கு ஒருதரம் போய்வாருங்கள். மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூலை அங்கேயே இருந்து புரட்டலாம்.